இணையப் பெயர்ப்பதிவு நெறிகள்: ஓர் இலக்கண நோக்கு

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, அவற்றுள்ளும் பொது, சிறப்பு என்னும் வேறுபாடு கண்டவர் நம் இலக்கண ஆசிரியர். நன்னூல் பயிலும் முதலாண்டு மாணவரும் இதனை அறிவர். எனினும் இவ்விலக்கணத்திற்கு வாழ்க்கையில் என்ன பயன் என்று அவர்கள் வினவும்போது, மரத்தையும் பனையையும் விட்டால் வேறு எடுத்துக்காட்டுக் கூற நாம் தடுமாறுகின்றோம். நாள்தோறும் நாம் கைப்பேசியில் தட்டுகின்ற இணைய முகவரிகளிலேயே பெயரியலின் சிக்கல்கள் அனைத்தும் பொதிந்து கிடக்கின்றன. அவற்றுள் நாட்டுக் குறியீடு தாங்கிய களப்பெயர்களின் பதிவு நெறிகளை மட்டும் ஈண்டு ஆராய்வோம். வழக்கில் 'டொமைன்' எனப்படுவதையே களப்பெயர் என்கின்றேன்.

கோவளம் எத்தனை?

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கோவளம் உள்ளது. ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி தர்காவால் நம்மவர் பலரும் அறிந்த ஊர். திருவனந்தபுரத்தை அடுத்து மற்றொரு கோவளம் உண்டு. குமரிமுனைக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. அஞ்சல் கடிதத்திற்கு இதனால் இடர் இல்லை. மாவட்டப் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் ஊரைப் பிரித்துக் காட்டிவிடும். இணையத்திலோ 'கோவளம்' என்னும் சொல்லுக்குப்பின் ஒரு புள்ளியும் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு உரோமன் எழுத்துகளும் அமைந்த முகவரி உலகில் ஒன்றே இருக்க முடியும். அதனை முதலில் பதிந்தவர் எவரோ அவருக்கே அது உரியது. மூன்று ஊராரும் ஒரே பெயரைக் கேட்டால் எந்த ஊர் பழமையானது, எது பெரியது என்று பதிவேடு ஆராய்வதில்லை. முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பதே நெறி.

இந்நெறிக்குக் காரணம் உண்டு. கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. அவ்வெண்களை மனிதர் நினைவிற் கொள்ள இயலாமையின், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும் முறை 1983-இல் வகுக்கப்பட்டது. ஒரு பெயருக்கு இரண்டு உடையவர் இருப்பின் அம்முறை குலைந்துவிடும். ஆகவே ஒரே பெயர் வேண்டுவோர்க்கு அடுக்கு முறையில் இடம் வகுத்தனர். வணிகர்க்கு ஒரு கிளை, பொதுநல அமைப்புகட்கு ஒரு கிளை, தனியாளர்க்கு ஒரு கிளை என நாட்டுக் குறியீட்டின் இடப்பக்கத்தே இன்னொரு படி வைக்கப்பட்டது. ஒரே பெயருடைய சிற்றூர்கள் வெவ்வேறு வட்டங்களில் இருத்தலைப் போன்றது இது.

இதில் ஒரு சுவையும் உண்டு. இம்முகவரியை இடமிருந்து வலமாக எழுதினாலும் அதன் பொருளை வலமிருந்து இடமாகவே கொள்ள வேண்டும். முதலில் நாடு, பிறகு துறை, பிறகு பெயர். மதரசாவில் அரபு பயின்ற மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

நாடு எது என்று தீர்ப்பவர் யார்?

ஒவ்வொரு நாட்டிற்கும் ஈரெழுத்துக் குறியீடு வழங்கியபோது, எது நாடு என்ற வினா எழுந்தது. அன்று இப்பணியை மேற்கொண்டிருந்த ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1994 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை ஆவணத்தில், எது நாடு, எது அன்று எனத் தீர்ப்பது தம் வேலையன்று என ஒதுங்கிக் கொண்டார். பன்னாட்டுத் தர நிறுவனம் வைத்திருந்த பட்டியலையே அவர் அடிப்படையாகக் கொண்டார். இவ்வடக்கம் போற்றத்தக்கது. அப்பட்டியலின் விளைவுகள் சில வேடிக்கையாகவும் அமைந்தன. பசிபிக் கடலின் துவாலு என்னும் சிறு தீவுநாட்டிற்கு 'டிவி' என்ற எழுத்துகள் வாய்த்தன. உலகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் அப்பெயரை நாடியதால் அந்நாட்டிற்கு வருவாய் பெருகிற்று. இடுகுறியாய் வந்தது காரணப்பெயர் போல் மயங்கியமைக்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்தியாவிற்குரிய குறியீடு 1989 மே மாதத்தில் ஒப்படைக்கப்பட்டது. முதலில் மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதனைப் பேணியது. அக்காலக் கட்டுப்பாடுகள் கடுமையானவை. ஆதலின் 2004 வரை ஏறத்தாழ 7,000 பெயர்களே பதிவாயின. 2003-இல் நிறுவப்பெற்ற நிக்சி எனும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு பின்னர்ப் பொறுப்பேற்றது. 2005 ஜனவரியில் வணிகக் குறி உடையார்க்கு முதல் வாய்ப்பளித்து, பிப்ரவரி 16 முதல் அனைவர்க்கும் கதவு திறக்கப்பட்டது. இன்று உலகின் எப்பகுதியில் வாழ்பவரும் ஒப்புதல் பெற்ற பதிவு முகவர் வழியாக இந்தியக் குறியீட்டில் பெயர் பதியலாம். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை காலம் கொள்ளலாம். சிங்கப்பூர் நெறி இதனின் வேறானது. அங்கே உள்நாட்டு முகவரியுடைய தொடர்பாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் தம் அடையாளத்தையும் மெய்ப்பிக்க வேண்டும். திறந்த கதவு வளர்ச்சி தரும். அடைத்த கதவு நம்பிக்கை தரும். நாம் இரண்டையும் விரும்பி, சில அறைகளை மட்டும் பூட்டி வைத்திருக்கின்றோம்.

பூட்டிய அறைகளுள் ஒன்று கல்வித் துறைக்குரியது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் 'ஏசி' என்ற கிளையில் எர்னெட் இந்தியா என்னும் அமைப்பின் வழியன்றிப் பதிய இயலாது. ஏற்புப் பெற்ற நிறுவனமென்று சான்று காட்ட வேண்டும். அரசுத் துறைகளின் கிளையும் அவ்வாறே காக்கப்படுகின்றது. அண்மையில் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென 'பேங்க்' என்ற தனிக் கிளையை 2025 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் யாவும் அதற்கு மாற வேண்டுமெனப் பணித்தது. ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமே அதற்கு ஒரே பதிவாளர். வங்கியின் பெயரில் வரும் பொய் முகவரிகளை நம்பிப் பணம் இழக்கும் முதியோர் பலர் நம் மஹல்லாக்களிலேயே உளர். முகவரியின் வலப்பக்க இறுதியைப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு மாணவர் கற்பித்தல் வேண்டும்.

மொழிமுதல் எழுத்தும் மொழியிறுதி எழுத்தும்

சொல்லின் முதலில் வாராத எழுத்துகள் இவை, இறுதியில் நில்லாதவை இவை என நம் இலக்கணம் வரையறுத்தது போலவே களப்பெயருக்கும் வரையறை உண்டு. உரோமன் எழுத்து, எண், சிறுகோடு ஆகிய மூன்றுமே உரோமன் பெயரில் வரலாம். சிறுகோடு முதலிலும் இறுதியிலும் வாராது. மூன்றாம், நான்காம் இடங்களில் இணைந்தும் வாராது. இப்பின்னைய விலக்கு ஏனெனில், தமிழ் முதலிய பிறமொழிப் பெயர்கள் உள்ளே உரோமன் குறியீடாக மாற்றி வைக்கப்படும்போது, 'எக்ஸ்', 'என்' என்ற எழுத்துகளின் பின் இரண்டு சிறுகோடுகள் முன்னொட்டாக அமைகின்றன. அவ்விடம் அவற்றிற்கென ஒதுக்கப்பட்டது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி 63 குறிகளுக்கு மிகலாகாது. மாற்றத்தில் தமிழ்ப்பெயர் நீண்டுவிடுமாதலால் நமக்குக் கிடைக்கும் எழுத்துகள் அதனினும் குறைவே.

தமிழ்ப்பெயருக்கு மேலும் ஒரு விதி: துணையெழுத்தோ புள்ளியோ முதலில் வாராது. கணினிக் குறியேற்றத்தில் 'கோ' என்பது ககர மெய்யுடன் அகரம் கலந்த ஒரு குறியும் ஓகாரத் துணைக்குறியும் ஆக இரண்டு. நாம் ஓரெழுத்து எனக் கொள்வதை இயந்திரம் ஈரெழுத்தாக எண்ணுகின்றது. இதனால் வரும் இடையூற்றை 'ஔவை' என்னும் பெயரில் காணலாம். ஔகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியும் அவ்வடிவம் பெறலாம். கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. இயந்திரத்திற்கோ அவை இரு வேறு பெயர்கள். ஔவை நூலகம் ஒன்றின் முகவரியைப் போலி செய்ய விரும்புவோனுக்கு இதனினும் எளிய வழி வேறில்லை. பிராமி வழிவந்த எழுத்துகளுக்கென ஐகான் அமைப்பின்கீழ் கூடிய அறிஞர் குழு இத்தகைய மயக்கங்களையும், தமிழ் எழுத்துகட்கும் மலையாள எழுத்துகட்கும் உள்ள வடிவ ஒற்றுமைகளையும் ஆராய்ந்தது. ஸ்ரீ என்பதன் இருவகைக் குறியேற்றங்களும் ஒன்றற்கொன்று மாற்றுரு எனக் கொள்ளப்பட்டன. மயங்கொலிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்கள் இவ்வாய்வுகளில் பங்குகொள்ளாமல் பொறியாளர்களிடமே விட்டுவிடுதல் முறையன்று என்பது என் கருத்து.

தமிழ் எழுத்திலேயே நாட்டுப்பெயர் அமையும் உரிமையை முதலில் எய்தியது இலங்கை. '.இலங்கை' என்பதற்கு 2010-இலேயே ஒப்புதல் கிட்டிற்று. '.இந்தியா', '.சிங்கப்பூர்' இரண்டும் 2011-இல் தொடர்ந்தன. இந்தியாவின் பிற மொழிகள் பாரத் என்னும் சொல்லையே தத்தம் எழுத்தில் கொண்டிருக்க, தமிழ் ஒன்றே 'இந்தியா' என அமைத்துக்கொண்டது கருதத்தக்கது. உருதுவிற்கும் தனிப்பெயர் உண்டு. உலகில் இவ்வாறு உரோமன் அல்லாத எழுத்தில் முதன்முதல் செயற்பட்ட நாட்டுப் பெயர்கள் 2010 மே மாதத்தில் வந்த எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்களே. ஒரு மொழியின் ஒலிகளை மற்றொரு மொழியின் எழுத்தில் ஏற்றும் சிக்கலை நம் முன்னோர் அரபுத் தமிழில் எதிர்கொண்டவர்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டியமைத்த அவர்களது நுட்பம் இங்கு நினைவுக்கு வருகின்றது.

தமிழ் முகவரியால் விளையும் நன்மைக்கு நம் மாவட்டப் பெயரே சான்று. செங்கல்பட்டை ஆங்கிலேயர் 'சிங்கிள்புட்' என எழுதினர். பின்னர் 'செங்கல்பெட்' என்றும் வழங்கிற்று. இன்று தமிழ் ஒலிப்பையொட்டி எழுதப்படுகின்றது. மாமல்லபுரமும் மகாபலிபுரமும் போட்டியிடுவதை யாவரும் அறிவர். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. உரோமன் எழுத்தில் கடை நடத்தும் சிற்பி தம் ஊர்ப்பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் விலை கொடுத்துப் பதிந்தாக வேண்டும். தமிழில் செங்கல்பட்டு ஒன்றே. ஆயினும் முகமது, முகம்மது, முஹம்மது என நாமே மூவகையாக எழுதும் பெயர்கட்கு இவ்வாறுதல் பொருந்தாது.

2021 தொடக்கத்தில், இந்தியக் குறியீட்டில் பெயர் பதிவோர்க்கு இந்திய மொழிப் பெயர் ஒன்றை இலவசமாகத் தரும் திட்டத்தை நிக்சி அறிவித்தது. எனினும் தமிழ் முகவரியை ஏற்காத விண்ணப்பப் படிவங்கள் இன்னும் பல. எழுத்து இருந்தும் அதனைத் தட்டுவோர் இல்லையேல் இலவசம் என்ன செய்யும்?

பதிவு உடைமை ஆகுமா?

சென்னையைச் சார்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைக் கூட்டி 'சிஃபி' என்றொரு சொல்லைப் புனைந்து, 1999-இல் அதனடியாகச் சில முகவரிகளைப் பதிந்தது. சிறிது எழுத்து மாற்றத்துடன் 'சிஃபிநெட்' என வேறொரு நிறுவனம் முகவரி கொண்டதும் வழக்கு எழுந்தது. பெங்களூர் நீதிமன்றம் தடை விதித்தது; உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது; உச்சநீதிமன்றம் 2004 மே 6 அன்று தடையை மீண்டும் நிலைநாட்டிற்று. களப்பெயர் வெறும் முகவரியன்று, வணிகக் குறிக்குரிய காப்பு அதற்கும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். அதற்கெனத் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லாத நிலையில், பிறர் பொருளைத் தம் பொருளென மயக்கி விற்றலுக்கு எதிரான பழைய நெறியையே நீதிமன்றம் விரித்துக் கொண்டது. புனைந்த சொல்லாதலின் உரிமை வலுத்தது என்பதை மாணவர் கருத வேண்டும். கடல், கல், மீன் போன்ற பொதுப்பெயரைப் பதிந்தவர், பிறர் அச்சொல்லைத் தொடவே கூடாதென்று வாதிடுதல் அரிது. சிறப்புப் பெயருக்கே சிறந்த காப்பு.

இன்று இந்தியக் குறியீட்டிலமைந்த பெயருக்கு வழக்கு எழின், நிக்சியின் தகராறுத் தீர்வு நெறிப்படி நடுவர் ஒருவர் அமர்த்தப்படுவார். முறையிடுவோர் மூன்றனைக் காட்டல் வேண்டும். அப்பெயர் தமக்கு உரிமையுள்ள பெயரோடு ஒத்தோ மயங்கியோ இருத்தல், பதிந்தவர்க்கு அதில் நேர்மையான உரிமை இன்மை, தீய நோக்கத்தோடு பதியவோ பயன்படுத்தவோ பட்டமை என்பன அவை. வென்றால் பெயர் நீக்கப்படும் அல்லது முறையிட்டவர்க்கு மாற்றப்படும்.

இவ்வளவும் பிறர் செய்யும் தீங்கு. நாமே இழப்பதும் உண்டு. பதிவு என்பது பட்டா அன்று, குத்தகை போன்றது. காலம் முடிந்தால் சில நாள் தவணையும், பொதுவாக 30 நாள் மீட்புக்காலமும் கழிந்தபின் பெயர் மீண்டும் சந்தைக்கு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை, இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு தம் சொந்தப் பெயரிலேயே பதிந்து கொடுத்த முகவரியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தது. அவர் வேலை கிடைத்து வளைகுடா சென்றார். புதுப்பிக்க வேண்டுமென்ற அறிவிப்புகள் அவர் கைவிட்ட பழைய மின்னஞ்சலுக்கே சென்றுகொண்டிருந்தன. ரமலான் மாதத்தில் ஜகாத் அனுப்ப முயன்ற ஒருவர், அம்முகவரியில் தொடர்பற்ற விற்பனை விளம்பரங்கள் தோன்றுவதைக் கண்டு சொன்ன பிறகே செய்தி தெரிந்தது. பதிவேட்டில் அறக்கட்டளையின் பெயரே இல்லாததால் முறையிடவும் வழி எளிதாக இல்லை. பழைய பெயரின் நடுவே ஒரு சிறுகோடு இட்டுப் புதிதாகப் பதிந்தனர், இம்முறை அறக்கட்டளையின் பெயரிலேயே. ரசீதுப் புத்தகங்கள் மட்டும் நிறைய அச்சிட்டுவிட்டமையால், பொருளாளர் ஒவ்வொரு ரசீதிலும் அச்சிறுகோட்டைப் பேனாவால் இட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றார்.