அலகு 3: கூடிய கொள்ளளவுடைய நினைவகக் கூறும் சிறிய மடிக்கணினியும்

கணினியின் வேகம் குறையும்போது பலரும் முதலில் நாடுவது பிரதான நினைவகத்தை அதிகரிப்பதாகும். கடைகளில் "ரம்" என்று கேட்டு வாங்கப்படும் நினைவகக் கூறு, செருகுவாயில் சரியாக அமர்ந்தாலும் கணினி அதனை ஏற்காமற் போகலாம். அவ்வாறாயின் செலவிட்ட பணம் வீணாகும். எனவே வாங்குமுன் பின்வரும் ஐந்து நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

1. வடிவம்
மேசைக்கணினிக்குரிய கூறு 133.35 மி.மீ. நீளமானது. மடிக்கணினிக்குரிய சிறிய கூறு வகைக்கேற்ப 67.6 அல்லது 69.6 மி.மீ. நீளமானது, இது சோடிம் எனப்படும். ஒன்றுக்குப் பதிலாக மற்றையதைப் பயன்படுத்த முடியாது.

2. தலைமுறையும் வோல்ற்றளவும்
சோடிம் வகைகள்:
டி.டி.ஆர்.2 – 200 ஊசிகள் – 1.8 வோல்ற்று
டி.டி.ஆர்.3 – 204 ஊசிகள் – 1.5 வோல்ற்று
டி.டி.ஆர்.3 எல் – 204 ஊசிகள் – 1.35 வோல்ற்று
டி.டி.ஆர்.4 – 260 ஊசிகள் – 1.2 வோல்ற்று
டி.டி.ஆர்.5 – 262 ஊசிகள் – 1.1 வோல்ற்று

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.3 எல் ஆகியன ஒரே செருகுவாயில் அமரும். "எல்" வகை 1.5 வோல்ற்றிலும் இயங்கக்கூடியது. ஆனால் 1.35 வோல்ற்று மட்டும் வழங்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ற்றுக் கூறு இயங்கும் என எதிர்பார்க்க முடியாது.

3. நினைவகக் கட்டுப்படுத்தியின் எல்லை
கூறின் கொள்ளளவு அதிலுள்ள சில்லுகளைப் பொறுத்தது.
4 கிகாபிற்றுச் சில்லுகள் 16: 4 × 16 ÷ 8 = 8 கிகாபைற்று
8 கிகாபிற்றுச் சில்லுகள் 16: 8 × 16 ÷ 8 = 16 கிகாபைற்று

2013 இல் வெளிவந்த இன்ரெல் 4ஆம் தலைமுறைக் கோர் முறைவழியாக்கிகளின் கட்டுப்படுத்தி 8 கிகாபிற்றுச் சில்லுகளைக் கையாளாது. ஆகவே அம்மடிக்கணினிகளில் ஒரு செருகுவாய்க்கு உச்ச அளவு 8 கிகாபைற்று ஆகும். 5ஆம் தலைமுறையிலேயே இத்தடை நீங்கியது.

4. செருகுவாய்களின் எண்ணிக்கை
சிறிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒரு செருகுவாயே உண்டு. சிலவற்றில் ஒன்றும் இல்லை. நினைவகம் தாய்ப்பலகையில் நேரடியாகப் பற்றாசு செய்யப்பட்டிருக்கும். 2008 இல் வெளிவந்த முதலாவது மக்புக் எயார் இவ்வகையானது. இத்தகைய கணினிக்கு வேண்டிய கொள்ளளவை வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

5. பணிசெயல் முறைமை
32 பிற்று முகவரியால் 2³² பைற்றுகளை, அதாவது 4 கிகாபைற்றை மட்டுமே சுட்ட முடியும். அதிலும் ஒரு பகுதி முகவரிகள் ஏனைய சாதனங்களுக்கு ஒதுக்கப்படும். சில பதிப்புகளின் எல்லை இதனிலும் குறைவானது: விண்டோஸ் 7 ஸ்ராட்டர் 2 கிகாபைற்றை மட்டுமே பயன்படுத்தும்.

மாதிரி வினா
4ஆம் தலைமுறைக் கோர் முறைவழியாக்கி கொண்ட மடிக்கணினி ஒன்றில் டி.டி.ஆர்.3 எல் செருகுவாய்கள் இரண்டு உள்ளன. ஒன்றில் 4 கிகாபைற்றுக் கூறு உள்ளது, மற்றையது வெறுமையானது. பணிசெயல் முறைமை 32 பிற்று வகையானது. நினைவகத்தை 16 கிகாபைற்றாக்க வேண்டும்.
(அ) 16 கிகாபைற்றுக் கூறு ஒன்றை வாங்குவது ஏன் பொருத்தமற்றது?
(ஆ) எதனை வாங்க வேண்டும்?
(இ) வேறு யாது செய்தல் வேண்டும்?

விடை
(அ) அக்கூறிலுள்ள 8 கிகாபிற்றுச் சில்லுகளைக் கட்டுப்படுத்தி கையாளாது. செருகுவாயில் அமர்ந்தாலும் பயன்படாது.
(ஆ) 8 கிகாபைற்று டி.டி.ஆர்.3 எல் சோடிம் கூறுகள் இரண்டு. பழைய 4 கிகாபைற்றுக் கூறை அகற்ற வேண்டும்.
(இ) 64 பிற்றுப் பணிசெயல் முறைமையை நிறுவ வேண்டும்.

கவனிக்க: கிகாபிற்று சில்லின் அளவையும் கிகாபைற்று முழுக் கூறின் அளவையும் குறிக்கும். 8 ஆல் வகுக்க மறப்பின் விடை முழுவதும் பிழைக்கும். "பொருந்தாது" என்று மட்டும் எழுதாது, எந்த நிபந்தனை மீறப்பட்டது என்பதையும் குறிப்பிடுக. கடைக்குச் செல்லும்போதும் இதே ஒழுங்கைப் பின்பற்றுக: முதலில் கணினியின் கைந்நூலில் உச்ச அளவைப் பார்க்க, பின்னர் பழைய கூறின் சிட்டையை வாசிக்க, அதன் பின்னரே விலையைக் கேட்க.