ஈர்ப்பு அலைகள் – ஓர் அளவீடு சான்றாவது எவ்வாறு?

அலைகள் என்னும் அலகில் பொறிமுறை அலைகள், மின்காந்த அலைகள் என இரு வகைகளைக் கற்றுள்ளீர்கள். ஒலி செல்வதற்கு ஊடகம் வேண்டும். ஒளி வெற்றிடத்தினூடாகவும் செல்லும். இவ்விரண்டிலும் அடங்காத வேறொரு வகை அலையும் உண்டு. அதுவே ஈர்ப்பு அலையாகும். இது பாடத்திட்டத்திற்குச் சற்று வெளியே நிற்கும் விடயம். எனினும் கதி, மீடிறன், அலைநீளம் ஆகியவற்றுக்கிடையிலான தொடர்பை அறிந்த மாணவர் எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம். அத்துடன், "இந்த அவதானத்தை ஏற்கலாமா? காரணம் தருக" என்னும் வகை வினாக்களில் மாணவர் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். அத்தகைய வினாக்களுக்கு இப்பாடம் நல்ல பயிற்சியாக அமையும்.

ஈர்ப்பு அலை என்பது யாது?

திணிவானது தன்னைச் சூழவுள்ள வெளியையும் நேரத்தையும் வளைக்கின்றது என்பது அல்பேட் ஐன்ஸ்டீன் 1915 இல் வெளியிட்ட பொதுச் சார்புக் கோட்பாட்டின் அடிப்படைக் கருத்தாகும். திணிவுகள் ஆர்முடுகலுடன் இயங்கும்போது இவ்வளைவில் ஏற்படும் மாற்றம் ஒளியின் கதியுடன் அலையாகப் பரவும் என 1916 இல் அவர் எதிர்வுகூறினார். அலை செல்லும் திசைக்குச் செங்குத்தான தளத்தில் ஒரு திசையில் தூரங்கள் சற்று நீளும்; அதேவேளை அதற்குச் செங்குத்தான திசையில் தூரங்கள் சற்றுக் குறுகும். அடுத்த கணம் நீண்டது குறுகும், குறுகியது நீளும். எனவே இதுவும் ஒரு குறுக்கலையே.

ஐன்ஸ்டீனுக்கே இவ்வலைகள் பற்றி ஐயம் இருந்தது. 1936 இல் நாதன் ரோசனுடன் சேர்ந்து, இவ்வலைகள் இல்லை என்னும் முடிவுடன் ஒரு கட்டுரையை அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அதனைப் பரிசீலித்தவர் கணிப்பிலுள்ள வழுவைச் சுட்டிக்காட்டவே, ஐன்ஸ்டீன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பின்னர் வழு திருத்தப்பட்டு, முடிவும் மாற்றப்பட்ட நிலையில் அக்கட்டுரை வேறோர் இதழில் வெளியானது.

வெபரின் உருளைகள்

இவ்வலைகளை அளந்து பார்க்கலாம் என முதலில் துணிந்து இறங்கியவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வெபர் ஆவார். ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட திணிவுடைய அலுமினிய உருளைகளை அவர் தொங்கவிட்டார். ஈர்ப்பு அலை கடந்து செல்லும்போது உருளை மணிபோல் மெல்ல அதிரும் என்பது அவரது எண்ணம். ஆனால் வீதியிற் செல்லும் பாரவண்டியும் சிறு நில அதிர்வும்கூட உருளையை அதிரச் செய்யுமல்லவா? ஆகவே ஓர் உருளையை மேரிலாந்திலும் மற்றொன்றை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் தொலைவில் சிக்காகோவுக்கு அண்மையிலும் வைத்தார். மேரிலாந்தின் பாரவண்டி சிக்காகோவின் உருளையை அசைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்ந்தால் மட்டுமே அதனைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

1969 இல், அத்தகைய ஒருமித்த அதிர்வுகளைக் கண்டதாக வெபர் அறிவித்தார். உலகெங்கும் பல குழுவினர் இதேபோன்ற கருவிகளை அமைத்துப் பார்த்தனர். எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் வெபர், றொச்செஸ்ரர் நகரிலிருந்த வேறொரு குழுவின் தரவுகளுடன் தமது தரவுகள் ஒத்துப்போவதாகக் கூறினார். அங்கேதான் சிக்கல் வெளிப்பட்டது. ஒரு குழு உள்ளூர் நேரத்தையும் மற்றக் குழு கிறீனிச் நேரத்தையும் பதிந்திருந்தன. "ஒரே நேரத்தில்" நிகழ்ந்ததாக அவர் கண்டவை உண்மையில் நான்கு மணித்தியால இடைவெளியில் நிகழ்ந்தவை! அலையொன்று இவ்விரு இடங்களையும் கடக்க ஒரு செக்கனின் சிறு பங்கே போதும். நான்கு மணித்தியாலம் விலகிய தரவுகளிலும் ஒற்றுமை தென்பட்டால், அவ்வொற்றுமை தற்செயலானதாகவே இருக்க முடியும். 1970 களின் நடுப்பகுதிக்குள் அவரது முடிவை விஞ்ஞானிகள் கைவிட்டனர்.

வெபரைத் தோல்வியுற்றவர் என்று எழுதிவிடுவது நியாயமன்று. தொலைவிலுள்ள இரு கருவிகளை ஒப்பிடும் அவரது முறையே இன்றுவரை பின்பற்றப்படுகின்றது. அவர் 2000 ஆம் ஆண்டில் காலமானார்.

இதனிடையே நேரடியற்ற சான்றொன்று கிடைத்தது. ரசல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் ஆகியோர் 1974 இல் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நியூத்திரன் விண்மீன்களைக் கண்டனர். ஒரு சுற்றுக்கு எடுக்கும் 7 மணி 45 நிமிட நேரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 76 மைக்குரோசெக்கனாற் குறைந்துவந்தது. ஈர்ப்பு அலைகள் சக்தியைக் கொண்டுசென்றால் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவே குறைந்தது. 1993 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

லைகோ அவதான நிலையங்கள்

உருளைக்குப் பதிலாக லேசர் ஒளியைப் பயன்படுத்தும் முறையை 1972 இல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் றெயினர் வைஸ். கிப் தோர்ன், றொனால்ட் ட்ரேவர் ஆகியோர் அவருடன் இணைந்தனர். 1994 இலிருந்து பாரி பாரிஷ் இப்பணிக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் ஹான்போர்ட், லிவிங்ஸ்டன் என்னும் இரு இடங்களில் நிலையங்கள் எழுந்தன. இவற்றுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 3000 கிலோமீற்றர்.

ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக 4 கிலோமீற்றர் நீளமான இரு புயங்கள் உள்ளன. லேசர்க் கற்றை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வெற்றிடக் குழாய்களினூடாகச் சென்று, அந்தத்திலுள்ள ஆடிகளிற் தெறித்து மீள்கின்றது. ஓர் அலையின் முடியும் மற்றதன் தாழியும் சந்திக்குமாறு கருவி ஒழுங்கு செய்யப்பட்டிருப்பதால் வழமையாக உணரியை ஒளி அடையாது. ஒரு புயம் நீண்டு மற்றது குறுகினால் இந்தப் பொருத்தம் குலையும், ஒளி தோன்றும்.

எவ்வளவு நீளும்? நீளத்தின் 10⁻²¹ பங்கு எனக் கொள்வோம்.
நீளமாற்றம் = 4000 மீற்றர் × 10⁻²¹ = 4 × 10⁻¹⁸ மீற்றர்
இது புரோத்தனொன்றின் விட்டத்தில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு. விடையில் அடுக்கின் குறியைத் தவறவிடாதீர்கள்.

இவ்வளவு நுண்ணிய கருவியை வைத்திருப்போர் தம்மையே எளிதில் ஏமாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒரு சிலர் மட்டும் அறிய, பொய்யான சமிக்ஞைகளைக் கருவியிற் புகுத்தும் வழக்கம் இருந்தது. 2010 செப்டெம்பரில் அவ்வாறான ஒன்று தென்பட்டது. ஆய்வாளர் மாதக்கணக்கில் பகுப்பாய்வு செய்து, கட்டுரையையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் முடிப்பு உறை திறக்கப்பட்டபோதுதான் அது புகுத்தப்பட்ட சமிக்ஞை எனத் தெரிந்தது. பரீட்சார்த்தி மட்டுமன்றிப் பரீட்சகரும் சோதிக்கப்பட வேண்டியவரே!

2015 செப்டெம்பர் 14

அன்று இலங்கை நேரப்படி பிற்பகல் 3.20 ஐக் கடந்து 45 ஆவது செக்கனில், மேம்படுத்தப்பட்ட இரு நிலையங்களிலும் ஒரே வடிவான சமிக்ஞை பதிவாகியது. ஏறத்தாழ 0.2 செக்கன் நீடித்த அதன் மீடிறன் 35 ஹேட்சிலிருந்து 250 ஹேட்ஸ் வரை உயர்ந்தது. ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அதனை முதலிற் கவனித்த மார்க்கோ திராகோ, இதுவும் புகுத்தப்பட்டதோ என்றே முதலில் எண்ணினார். விசாரித்தபோது எவரும் எதனையும் புகுத்தவில்லை எனத் தெரியவந்தது.

முதற் சோதனை நேரம் பற்றியது. லிவிங்ஸ்டனில் சமிக்ஞை பதிவாகி 0.007 செக்கனின் பின் ஹான்போர்டில் பதிவாகியது.

அலை ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்கு நேராகச் சென்றால் எடுக்கும் நேரம்
= தூரம் ÷ கதி = 3 × 10⁶ மீற்றர் ÷ (3 × 10⁸ மீற்றர்/செக்கன்) = 0.01 செக்கன்

இதுவே இயலுமான மிகக் கூடிய வித்தியாசம். அலை சாய்வாக வந்தால் வித்தியாசம் குறையும். கரைக்குச் சமாந்தரமாக நடப்பட்ட இரு கட்டைகளைக் கடலலை நேரே வந்து ஒருமிக்க மோதுவதையும், சரிந்து வந்து ஒன்றன்பின் ஒன்றாக மோதுவதையும் நினைத்துப் பாருங்கள். 0.007 என்பது 0.01 ஐ விடக் குறைவு, ஆகவே ஏற்கத்தக்கது. ஆனால் இது மட்டும் போதாது. தற்செயலாகவும் இவ்வாறு நிகழலாமே?

இங்குதான் வெபரின் நான்கு மணித்தியாலம் மறுபடி நினைவுக்கு வருகின்றது. ஆய்வாளர் இம்முறை வேண்டுமென்றே ஒரு நிலையத்தின் தரவுகளை மற்றதற்குச் சார்பாக நேரத்தில் நகர்த்தினர். நகர்வு 0.01 செக்கனை விஞ்சினால், அதன்பின் கிடைக்கும் ஒற்றுமைகள் யாவும் தற்செயலானவையே. 16 நாள் தரவுகளை இவ்வாறு மீண்டும் மீண்டும் நகர்த்தி, தற்செயல் ஒற்றுமைகள் எவ்வளவு வலிமையானவை எனக் கணித்தனர். இச்சமிக்ஞை அளவு வலிமையான தற்செயல் ஒற்றுமை 203 000 ஆண்டுகளில் ஒரு தடவைக்கும் குறைவாகவே நிகழும் என்பது முடிவு. ஒருவரது ஆய்வைக் குலைத்த நேர விலகல், இங்கே சோதிக்கும் கருவியாகிவிட்டது.

சமிக்ஞையின் வடிவத்தைக் கோட்பாட்டுடன் ஒப்பிட்டபோது, சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுடைய இரு கருந்துளைகள் ஒன்றாகி 62 மடங்கு திணிவுடைய ஒன்று உருவானமை தெரிந்தது. மீதி 3 சூரியத் திணிவு ஈர்ப்பு அலைச் சக்தியாகியது. தூரம் ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டு. 2016 பெப்ரவரி 11 இல் இது அறிவிக்கப்பட்டது. 2017 இல் வைஸ், பாரிஷ், தோர்ன் ஆகியோர் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ட்ரேவர் அவ்வாண்டு மார்ச்சிலேயே காலமாகிவிட்டார்.

2017 ஓகஸ்ட் 17 இல் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதிய அலை வந்தது. அதன் பின் 1.7 செக்கனில் காமாக் கதிர்களும் வந்தன. 13 கோடி ஒளியாண்டுப் பயணத்தில் இவ்வளவே வித்தியாசம் என்பதால், ஈர்ப்பு அலையின் கதி ஒளியின் கதியே என்பது உறுதியாகியது. இத்தாலியிலுள்ள வேர்கோ நிலையத்தில் அச்சமிக்ஞை மிக மங்கலாகவே இருந்தது. அதனால் அலை அக்கருவி நன்கு உணராத திசையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என அறிந்து, தொலைகாட்டிகளை எங்கே திருப்புவது என முடிவு செய்தனர். மங்கலான பதிவும் ஓர் அவதானமே.

பயிற்சி

1. மீடிறன் 150 ஹேட்ஸ் ஆகவுள்ள ஈர்ப்பு அலையின் அலைநீளத்தைக் கிலோமீற்றரில் காண்க. (கதி = மீடிறன் × அலைநீளம்; விடை: 2000 கிலோமீற்றர்)

2. லைகோவின் இரு நிலையங்களிலும் 0.015 செக்கன் இடைவெளியில் ஒரே வடிவான இரு சமிக்ஞைகள் பதிவாகின்றன. ஒரு மாணவர் இதனை ஈர்ப்பு அலை என்கிறார். நீர் உடன்படுகிறீரா? கணிப்புடன் காரணம் தருக.

3. ஒரே கட்டடத்தில் பத்துக் கருவிகளை வைப்பதிலும் பார்க்க, 3000 கிலோமீற்றர் இடைவெளியில் இரு கருவிகளை வைப்பது ஏன் சிறந்தது? வெபரின் பரிசோதனையைக் கொண்டு விளக்குக.