ஒரு கிலோ பார்லியும் ஒரு பொய் சொன்ன தெர்மாமீட்டரும்

இங்கிலாந்தில் வீட்டுக்குள் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. விற்காதவரை யாரும் கேட்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் எனக்கும் ஆசை வந்தது. கடைக்காரர் ஒரு டப்பாவைக் காட்டினார். உள்ளே கெட்டியான மால்ட் பாகு. வெந்நீரில் கரைத்து ஈஸ்ட் தூவினால் போதும். தானியத்தைத் தொடுவதெல்லாம் ஒரு வருஷம் பழகிய பிறகு என்றார்.

நான் கேட்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியிருந்ததே அந்தப் பாகு எப்படி உண்டாகிறது என்பதைத்தான். முளைகட்டிய கேழ்வரகில் அம்மா காய்ச்சும் கஞ்சி, வெறும் கேழ்வரகுக் கஞ்சி மாதிரி கெட்டிப்படாது, இளகியே நிற்கும். முளைக்கும் தானியத்தில் ஊறும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுவதால் அப்படி. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலும் நடப்பது இதேதான். கஞ்சி காய்ச்சத் தெரிந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதில் என்ன பயம்?

பயப்பட வேண்டியது அளவுக்குத்தான். புத்தகங்கள் இருபது லிட்டர் என்றே பேசும். அதற்கேற்ற பானை, அதைக் கொதிக்கவைக்கும் அடுப்பு என்று செலவு ஏறும். நான் நாலரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டிலிருந்த பத்து லிட்டர் பாத்திரம், ஒரு வலைத்துணிப் பை, உடைத்த மேரிஸ் ஆட்டர் மால்ட் ஒரு கிலோ. (இந்த பார்லி ரகம் உருவானது கேம்பிரிட்ஜில்தான். உள்ளூர்ச் சரக்கு என்ற அற்பப் பெருமையும் சேர்ந்துகொண்டது.) ஏழு லிட்டர் தண்ணீரை எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, பையோடு மால்ட்டை இறக்கிக் கிளறினால் சூடு 67க்கு வந்து நிற்கும். மூடி, போர்வை சுற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். வீடெங்கும் ஹார்லிக்ஸ் வாசனை. "ஏங்க, பீரா காய்ச்சுறீங்க, பாலா?" என்றாள் மனைவி.

பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். தொடக்கத்திலேயே பத்து கிராம் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் பூ போட்டாயிற்று; கசப்புக்கு அது போதும். தானியம் குடித்ததும் ஆவியானதும் போக நாலரை லிட்டர் மிஞ்சியது. பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் உட்காரவைத்து 20 டிகிரிக்கு ஆற்றி, ஜாடிக்கு மாற்றி ஈஸ்ட் போட்டேன். ஒரு பாக்கெட் இருபது லிட்டருக்கானது, பாதிகூடத் தேவையில்லை. கொதித்து ஆறிய பிறகு சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், ஜாடி எல்லாமே கிருமிநீக்கிக் கரைசலில் முங்கி எழுந்திருக்க வேண்டும். பாகில் தொடங்கினாலும் இதில் சலுகை கிடையாது.

என் முதல் ஜாடி சொதப்பியது வேறு இடத்தில். சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்னச் சாற்றின் அடர்த்தி இறங்குவதைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.048இல் தொடங்கி 1.020இல் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்தும் அதே 1.020. நொதிப்பு முடியாமல் அடைத்தால் பாட்டில் வெடிக்கும் என்று படித்திருந்ததால், அடைக்கவும் மனமில்லை, கொட்டவும் மனமில்லை. ஒருநாள் எதற்கோ தெர்மாமீட்டரைக் கொதிக்கும் நீரில் வைத்தேன். 96 காட்டியது! நாலு டிகிரி குறைத்தே சொல்லிவந்திருக்கிறது. 67 என்று நான் நம்பியது உண்மையில் 71. அந்தச் சூட்டில், மாவுச்சத்தைச் சிறு சர்க்கரைகளாக நறுக்கும் பீட்டா அமைலேஸ் சீக்கிரமே செத்துவிடும். ஆல்ஃபா மட்டும் தாக்குப்பிடித்து மாவுச்சத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போடும்; ஈஸ்ட்டால் அவற்றைத் தின்ன முடியாது. கிடைத்தது தித்திப்பான, 3.7 சதவீத பீர். பாகு டப்பாவில் தொடங்கியிருந்தால் இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலரை லிட்டர்தானே, நாலு ஞாயிற்றுக்கிழமையில் குடித்துத் தீர்த்தோம்.

அதிலிருந்து தெர்மாமீட்டரைக் கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் சோதித்த பிறகே மால்ட் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். மூன்றாவது ஜாடி 1.046இலிருந்து 1.011க்கு ஒழுங்காக இறங்கியது. அரை லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டு அடைத்து, இரண்டு வாரம் அலமாரியில் வைத்தேன்.

வடித்த பார்லிச் சக்கையை வீணாக்குவானேன் என்று ஒரு பிடி அடை மாவில் கலந்தேன். அடை மணமாகத்தான் இருந்தது. உமி மட்டும் சாயங்காலம்வரை பல்லிடுக்கில் இருந்தது.