கடலாமைக் குஞ்சு பொரிப்பகம் அமைக்கும் முறை

ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டித் தொடங்கிச் சித்திரை வரையில், தனுஷ்கோடிக் கடற்கரையில் சித்தாமைகள் இரவு நேரத்தில் கரையேறி முட்டையிடுகின்றன. பங்குனியை ஒட்டி வருவதால் இதனைப் பங்குனி ஆமை என்றும் கூறுவர். தாய் ஆமை பின்கால்களால் சுமார் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அது தன் முட்டைகளைப் பார்க்க வருவதில்லை.

காவலற்ற அம்முட்டைகளை நாயும் நரியும் தோண்டித் தின்கின்றன. உயர்ந்து வரும் அலை சிலவற்றை அழித்துவிடுகிறது. ஆகவே வனத்துறையினர் முகுந்தராயர் சத்திரம், அரிச்சல்முனை முதலிய பகுதிகளில் முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கின்றனர். இப்பணியின் முறையைக் கடலோர ஊராட்சியினர் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி கடலாமையும் அதன் முட்டையும் பாதுகாக்கப்பட்டவை. முட்டையைக் கண்டவர் தாமே எடுக்கலாகாது. வனத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அலைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் உள்ள குழியை இருந்தபடியே விட்டுக் காப்பதுதான் எல்லாவற்றினும் சிறந்தது. ஆபத்தான இடத்தில் உள்ளவற்றையே இடம் மாற்ற வேண்டும்.

இடமும் வேலியும்

பெரும் அலையும் எட்டாத மேட்டு மணலில் பொரிப்பகம் அமைதல் வேண்டும். சுற்றிலும் வலை கட்டி, அதன் அடிப்பகுதியை மணலுக்குள் நன்கு புதைத்தால் நாயும் நண்டும் உட்புகா. அடம்பும் இராவணன் மீசையும் மணல் மேட்டைக் கட்டிக் காப்பவை. அவற்றை வேலிக்கு வெளியே வளர விடலாம். உள்ளே வளரவிட்டால் அவற்றின் வேர் முட்டையைத் துளைத்துவிடும். சென்ற ஆண்டின் குழிகள் இருந்த மணலில் அழுகல் கிருமிகள் தங்குமாதலால், ஆண்டுதோறும் இடத்தை மாற்றுவது நன்று.

முட்டையைக் கையாளுதல்

பனங்கிழங்குப் பாத்தியில் கொட்டையை இப்படியும் அப்படியும் போட்டாலும் முளை வந்துவிடும். ஆமை முட்டை அவ்வாறன்று. இட்ட சில மணி நேரத்திற்குள் கரு, ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பின் முட்டையைப் புரட்டினாலும் குலுக்கினாலும் கரு மடியும். ஆகையால் விடியுமுன்பே, புரட்டாமல் எடுத்து, வெயில் படாமல் கொண்டுசென்று, உடனே புதைக்க வேண்டும். புதிய குழியும் தாய் தோண்டிய குழியைப் போலவே கழுத்து குறுகி அடி அகன்று, குடம் போல் இருத்தல் வேண்டும். ஆழமும் அதே ஒன்றரை அடி. குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி விடுக. ஒவ்வொன்றிலும் தேதியும் முட்டைகளின் எண்ணிக்கையும் எழுதிய பலகையை நடுக.

வெப்பம்

கடலாமையில் ஆண், பெண் என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இரண்டும் கலந்து பிறக்கும். அதனினும் மிகுந்தால் பெண்ணே மிகுதி. குறைந்தால் ஆணே மிகுதி. மேலும் மிகுந்தால் கருவே அழியும். எனவே பங்குனி, சித்திரை வெயிலில் மேலே மெல்லிய நிழல் தேவை. அடர்ந்த பந்தலோ மணலைக் குளிர்வித்துவிடும்.

கடலில் விடுதல்

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மேலே வரும். பெரும்பாலும் இரவிலேயே வரும். அப்போது அவற்றின் உடலில் உள்ள மஞ்சள் கருவின் ஊட்டமே முதல் நாட்களில் ஆழ்கடல் வரை நீந்தும் வலிமையைத் தருகிறது. தொட்டியில் வைத்து வேடிக்கை காட்டினாலும், சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்தாலும் அவ்வலிமை வீணாகிவிடும். வெளிவந்ததும் காலந்தாழ்த்தாமல் கரையில் விட்டு, மணலில் தாமே நடந்து கடல் சேரவிட வேண்டும். ஒரே இடத்தில் நாள்தோறும் விட்டால் மீன்கள் காத்திருந்து உண்ணுமாதலால், இடத்தை மாற்றி மாற்றி விடுக.

ஊராட்சியின் கடமை

குஞ்சுகள் கடலின் மேலுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கியே செல்கின்றன. கரையில் விளக்கு எரிந்தால் அவை நிலத்தை நோக்கித் திரும்பி, காலையில் காய்ந்து இறந்து கிடக்கும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின் அங்கு மக்கள் வரவு பெருகியுள்ளது. ஆகவே முட்டையிடும் மாதங்களில் கடலை நோக்கிய விளக்குகளை அணைத்தல் அல்லது மறைத்தல், மணலில் வண்டி ஓட்டுவதைத் தடுத்தல், மீன் கழிவு குவிந்து நாய்கள் பெருகாமல் பார்த்தல் ஆகிய மூன்றையும் ஊராட்சி மன்றங்கள் மேற்கொள்ள வேண்டும். வலையில் சிக்கிய ஆமையை மீனவர் உயிருடன் விடுவித்தலும் இதனோடு சேர்ந்த கடமையே.

குஞ்சுகளில் ஆயிரத்திற்கு ஒன்றே வளர்ந்து முதிர்கிறது எனக் கணிக்கப்படுகிறது. அவ்வாறு முதிரும் பெண் ஆமை, பல ஆண்டுகளுக்குப் பின் தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிட வரும். அது வரும் நாளில் அக்கரை இருளும் தூய்மையுமாக இருக்க வேண்டும். அவ்வாறு வைத்திருப்பது நம் கையில் உள்ளது.