படகிலிருந்து கண்ட பட்டினம்

ஆற்றுப்படை என்றதும் நம் வட்டார மாணவர்க்கு மலைபடுகடாமே நினைவில் எழும். திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தரின் வழி முழுதும் மலையும் காடுமே. கடலைக் காணாத இவ்வூரில் இருந்து பட்டினப்பாலையைப் பயில்வோர் ஒன்றை நோக்குதல் வேண்டும்: கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தை நிலத்தில் நின்று மட்டும் பார்த்திலர்.

வைகறைப் பொழுதில், திமிலில் சென்ற பரதவர் உயர்மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகின்றனராம். தெருவில் நடப்பவன் விளக்கை எண்ணமாட்டான். அலைமேல் தொலைவில் இருப்பவனே எண்ணுவான். இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுத் துறையின் விளக்குமாடத்தைக் காட்டுகிறார். ஏணி சார்த்தியும் ஏறுதற்கரிய உச்சி. கூரை வேயாத மாடம். அதில் இரவில் மூட்டிய தீ. புகாரின் கலங்கரை விளக்கத்தைச் சிலப்பதிகாரக் கடலாடு காதை குறிக்கின்றது. இச்சொல்லில் உள்ள ‘கரை’ கடற்கரை அன்று. காக்கை கரைகின்றது என்கிறோமே, அந்தக் கரைதல். அழைத்தல் என்பது பொருள். கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு! ‘கலங்கள் கரைசேர உதவும் விளக்கு’ என்று தேர்வில் எழுதுவோர் பயனைச் சொல்கின்றனர். சொல்லின் உயிரை விட்டுவிடுகின்றனர்.

இனி ஆற்றுமுகம். பெருங்கலம் பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் புகாருள் நுழைந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் கூறும். முகத்துவாரம் அத்துணை ஆழமுடையதாய் இருந்திருத்தல் வேண்டும். உள்ளே கழியில், உப்பை விற்று நெல் ஏற்றி வந்த படகுகள் இலாயத்துக் குதிரைகள் போலக் கட்டுண்டு கிடக்கும். உவமை பொருத்தமானதே, கடல்வழிக் குதிரைகள் வந்திறங்கிய துறையல்லவா அது? ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிநாட்டுக் காயலுக்குக் குதிரைகள் கப்பலில் வந்ததை மார்க்கோ போலோவும் எழுதினார்.

கரையேறினால் சுங்கம். புலிப்பொறி இடப்பெற்ற பொதிகள் மலைபோற் குவிந்துள்ளன. குடமலைச் சந்தனம், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் எனப் பட்டியல் நீள்கின்றது. எனினும் பண்டங்களினும் மக்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றனர். பல நாட்டிலிருந்து வந்து, வெவ்வேறு மொழி பேசுவோர் அங்கே கலந்து இனிதே வாழ்ந்தனர் என்கிறார் புலவர்.

1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும் படகைப் பிணிக்கும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. அவ்விடத்தில் இன்று படகு செல்ல நீரில்லை.