சாலையில் பேசும் விளக்குகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில், வைக்கோல் பாரம் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றின் பின்னால், எதிரே என்ன வருகிறதென்று காண இயலாமல் வெகுநேரம் ஊர்ந்துகொண்டிருக்கும் காரோட்டிக்கு, அந்த லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர் மினுக்கத் தொடங்கிய க்ஷணத்தில் உள்ளத்தில் எழும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றே: "சைடு கொடுத்துவிட்டார், போய்விடலாம்." ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் சமிக்ஞைகளைப் பற்றி நம்மிடையே வழங்கிவரும் நம்பிக்கைகளுள் இதனினும் பரவலானது வேறு இருக்கலாம், இதனினும் அபாயகரமானது வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏனெனில், வலப்பக்க விளக்குக்குச் சட்டம் அளித்துள்ள அர்த்தம், நான் வலப்புறம் திரும்பப் போகிறேன் அல்லது நகரப் போகிறேன் என்பதே. வயலுக்குப் பிரியும் மண்பாதையிலோ, எதிர்ச்சாரியிலுள்ள பெட்ரோல் பங்க்கிலோ நுழைய உத்தேசித்து லாரிக்காரர் முறைப்படி விளக்கைப் போடுகிறார். அதையே அனுமதியென்று கொண்டு பின்னால் வந்தவர் வேகத்தைக் கூட்டுகிறார். லாரி திரும்பும் இடத்திலேயே கார் அதன் பக்கவாட்டில் மோதுகிறது. இன்னும் விபரீதம் என்னவெனில், சம்பிரதாயமாக வழங்கும் அர்த்தமாவது எங்கும் ஒன்றாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. வலப்பக்க விளக்கை "முந்திச் செல்" என்று காட்டுவோரும் உண்டு. "வராதே, எதிரில் வண்டி" என்று காட்டுவோரும் உண்டு. இடப்பக்க விளக்கைப் போட்டு, "நான் ஓரமாக ஒதுங்குகிறேன், நீ போ" என்பாரும் உண்டு. நாமக்கல்லில் பதிவான லாரியும் பஞ்சாபில் பதிவான லாரியும் ஒரே நெடுஞ்சாலையில் ஓடுகையில், எந்த விளக்கு எந்த வழக்கப்படி எரிகிறதென்று பின்னால் வருபவர் எவ்வாறு அறிவார்?

இக்குழப்பத்தின் வேர், கைச் சைகைகள் வழக்கொழிந்ததில் இருக்கிறதென்று கருதுகிறேன். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஓட்டுநர் தம் வலக்கையால் காட்ட வேண்டிய ஐந்து சைகைகளை வரையறுத்திருந்தன. உள்ளங்கை கீழ்நோக்கக் கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது. முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் வண்டி நிற்கப் போகிறது. உள்ளங்கை முன்னோக்க நேராக நீட்டினால் வலப்புறம். நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் இடப்புறம். நீட்டிய கையை முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் வீசினால், பின்னால் வருபவர் முந்திச் செல்லலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தோடு ஓட்டும் காலம் வந்தபின் கை வெளியே வருவதில்லை. வலம், இடம் என்னும் இரண்டு விளக்குகளே எஞ்சின. முந்தச் சொல்வதற்கென்று தனி விளக்கு எதுவும் படைக்கப்படாமையால், திரும்புவதற்கான விளக்கின்மேல் அந்தப் பொருளும் ஏற்றப்பட்டுவிட்டது.

அந்த ஐந்தையும் சற்று உற்று நோக்கினால் ஒரு வித்தியாசம் புலப்படும். முதல் நான்கும் என் வண்டி என்ன செய்யப் போகிறது என்பதை அறிவிப்பவை; ஐந்தாவது ஒன்றே, நீ என்ன செய்யலாம் என்று பிறருக்குச் சொல்வது. தன் வண்டியைப் பற்றி ஓட்டுநர் சொல்வதை நம்பலாம். நம் வண்டியைப் பற்றி அவர் சொல்வதை நம் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் நம்பலாகாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. எதிரே அதே வேகத்தில் ஒரு பஸ் வருமாயின், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு 44 மீட்டர் வீதம் குறைகிறது. நீளமான லாரியை முந்தி இடப்பக்கம் சேர எட்டு விநாடி பிடிக்குமானால், 350 மீட்டருக்குமேல் வெற்றுச் சாலை வேண்டும். உங்கள் வண்டியின் இழுவை எவ்வளவு, அதில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அறியாத லாரி ஓட்டுநர், எவ்வளவு நல்லெண்ணத்தோடு விளக்கைக் காட்டினாலும், இந்தக் கணக்கை உங்களுக்காகப் போட்டுவிட முடியாது. பின்னால் வருபவருக்கு உதவ விரும்பும் லாரி ஓட்டுநர், இடப்புறம் ஒதுங்கி வேகத்தைச் சற்றே தளர்த்தினால் போதும். பாதை கண்ணுக்குத் தெரிந்தால் அவரே போய்விடுவார்.

முகப்பு விளக்கைச் சிமிட்டினால் வழி நமக்கே சொந்தம் என்பது அடுத்த நம்பிக்கை. ஒற்றை வண்டி மட்டுமே செல்லத்தக்க பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டு கார்கள் ஒரே சமயத்தில் வந்து, இருவரும் லைட் அடித்து, இருவரும் தாமே முதலில் அடித்ததாகக் கொண்டு நடுப்பாலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சியை யார்தான் கண்டதில்லை? நம்மவர் "நான் வருகிறேன், நில்" என்னும் கருத்தில் காட்டும் அதே சிமிட்டலை இங்கிலாந்தில் பலர் "நீங்கள் போகலாம்" என்னும் மரியாதையாகக் காட்டுகிறார்கள். அங்குள்ள சாலை விதிநூலோ, சிமிட்டல் என்பது நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டுமே என்றும், அதை அழைப்பாகக் கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கிறது. சென்னையில் ஓட்டிப் பழகி லண்டனில் குடியேறிய தமிழர்கள் இதை முதல் நாளே அறிந்துகொள்வது நலம். நம் ஊரிலும் சிமிட்டல் எப்போதும் ஒன்றையே குறிப்பதில்லை: திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஆசனூர் நோக்கிப் போகையில், எதிரே வருபவர் பட்டப்பகலில் விளக்கைச் சிமிட்டினால், சாலையில் யானை நிற்கலாம், மரம் விழுந்திருக்கலாம், உங்கள் விளக்கு அணையாமல் இருக்கலாம். இவை அனைத்துக்கும் பொருந்தும் பதில், வேகத்தைக் குறைப்பதே.

நாற்சந்தியில் நேராகச் செல்ல வேண்டுமாயின் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருங்கே எரியவிட வேண்டும் என்று சிலர் பிறருக்குப் போதித்தும் வருகிறார்கள். நேராகச் செல்வதற்கு எந்த விளக்கும் அவசியமில்லை. இடப்புறச் சாலையில் நிற்பவர் கண்ணுக்கு உங்கள் இடப்பக்க விளக்கு மட்டுமே தென்படும்; நீங்கள் தம் பக்கம் திரும்புவதாக எண்ணி அவர் தைரியமாக வண்டியை எடுப்பார். அந்த நான்கும் பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரியவை. அடைமழையில் அவற்றைப் போட்டுக்கொண்டு ஓடினால், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. நீங்கள் திரும்பும்போது அதைத் தெரிவிக்கவும் வழியிராது. டிம் விளக்கும் அதனோடு எரியும் பின்விளக்குமே மழைக்குப் போதும்.

ஹாரன் அடித்துவிட்டால் பொறுப்பு மற்றவரைச் சேர்ந்தது என்பதும், ஹாரன் இல்லாமல் நம் ஊரில் வண்டியோட்டவே முடியாது என்பதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு பிரமைகள். செவிப்புலனற்றோருக்கும் நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் வழங்கப்படுகிறது; கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்பவர் காதிலும் உங்கள் ஒலி விழுமென்பது நிச்சயமில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தேவையின்றியோ இடைவிடாமலோ ஹாரன் அடிப்பதற்கு முதல் முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. லாரிகளின் பின்புறத்தில் ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகத்தை மகாராஷ்டிர அரசு 2015-இல் தடை செய்ததும், தேவையின்றி ஹாரன் அடிப்பதை அது தூண்டுகிறது என்பதாலேயே.

ஆயினும், ஹாரனே கூடாதென்று சொல்வது மறு கோடிக்குச் செல்வதாகும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் மறுபுறம் வருவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில், திரும்புமுன் அளவாக ஒருமுறை ஒலிப்பது அவசியம்; "இங்கே ஒரு வண்டி வருகிறது" என்று தன்னைப் பற்றி அறிவிக்கும் உண்மையான சமிக்ஞை அது. ஆனால் முதலில் ஒலித்தவருக்கே முதல் வழி என்று அங்கும் சிலர் வாதிடுகிறார்கள். அகலம் போதாத மலைச் சாலையில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதே விதி; பாரத்தோடு ஏறுகிற வண்டி நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது எத்தனை கடினம் என்பதை மலையில் ஓட்டிய எவரும் அறிவர். ஆகவே, இறங்கி வருகிற அன்பர்கள், தாங்கள் எத்தனை முறை ஒலித்திருந்தாலும், வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, கீழிருந்து வருபவரை முதலில் போகவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.