ஆற்றங்கரைக்கு வேண்டிய கன்றுகள்

பொதிகையில் பிறந்த தாமிரபரணியும் குற்றால மலையில் பிறந்த சிற்றாறும் சீவலப்பேரியில் ஒன்று சேர்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழையை இப்பகுதியில் மறந்தவர் எவரும் இலர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆற்றின் கரைகள் பல இடங்களில் அரித்துப் போயின. இத்தகைய வெள்ளத்துக்குப் பின், கரையில் மரம் நடவேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் எந்த மரம்? அதன் கன்று எங்கே கிடைக்கும்?

முதற் கேள்விக்கு ஆறே விடை தருகிறது. மருதம், நாவல், புங்கம், இலுப்பை ஆகியவை நம் ஆற்றங்கரைக்கு உரியவை. மருதங்காய்க்கு ஐந்து சிறகுகள் உண்டு. நீரில் மிதந்து சென்று கரை ஒதுங்கிய இடத்தில் அது முளைக்கும். ஆண்டுதோறும் வெள்ளத்தைக் கண்ட மரங்கள் இவை. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை சாலையோரத்துக்கு அழகுதான். அதற்காக அதை ஆற்றங்கரைக்குக் கொண்டு வரலாமா?

இரண்டாவது கேள்வியே கடினமானது. கன்று வளர்த்து விற்பவர், விற்பனையாகும் கன்றையே வளர்ப்பார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. தேக்கும் பூச்செடியும் என்றும் விலைபோகும். மருதங்கன்றை யார் கேட்கிறார்கள்? கேட்பவரும் ஐப்பசி மழை தொடங்கிய பிறகே வந்து, "ஆயிரம் கன்று உடனே வேண்டும்" என்பர். இல்லையென்றால், கையிருப்பில் உள்ள ஏதோ ஒன்றை வாங்கிச் செல்வர். ஆக, கரையில் எந்த மரம் வளரும் என்பதை ஆறும் முடிவு செய்வதில்லை, நாமும் முடிவு செய்வதில்லை. நாற்றுப் பண்ணையின் கையிருப்பே முடிவு செய்கிறது!

நாவலை எடுத்துக்கொள்வோம். பழம் ஆனி, ஆடியில் உதிரும். நாம் தின்று துப்பும் அந்தக் கொட்டையை இரண்டு மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். இலுப்பை விதையும் அப்படியே. இவற்றை நெல்லைப் போலக் குதிரில் சேமிக்க இயலாது. ஆடியில் முளைத்த கன்று அவ்வாண்டு ஐப்பசியில் மூன்று மாதக் குழந்தை. வெள்ளத்தின் முன் அது நிற்குமா? அடுத்த ஆண்டு ஐப்பசிக்குத்தான் நடும் பக்குவம் வரும். எனவே நடுவதற்குப் பதினைந்து மாதங்கள் முன்பே பண்ணைக்காரரிடம் சொல்லி, முன்பணமும் கொடுக்க வேண்டும். முன்பணம் இல்லாமல் பதினைந்து மாதம் தண்ணீர் ஊற்று என்று யாரிடம் சொல்வது?

மருத விதை சற்று எளியது. மாசி முதல் சித்திரை வரை பொறுக்கி, நீரில் ஊறவைத்து விதைக்கலாம். ஒரே மரத்தடியில் கூடை நிறைய அள்ளிவிடாமல், கரை நெடுகப் பல மரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நல்லது. ஒரு தாயின் பிள்ளைகளாக எல்லாக் கன்றுகளும் இருந்தால், ஒரு நோய் அனைத்தையும் வீழ்த்திவிடக்கூடும். விதை பிறந்த இடம் பிற நாடுகளிலும் முக்கியமாகக் கருதப்படுகிறது. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல், திறந்த வெளிகளில் அந்தந்த வட்டாரத்து விதையையும் கன்றையுமே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம்.

நம் மாநிலத்திலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1968இல் தொடங்கிய ஆரோவிலில், வெறுஞ்செம்மண் மேட்டில் முதலில் விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களையும் நட்டனர். பின்னர் கிழக்குக் கடற்கரைக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை விதை தேடி வளர்த்தனர். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிதைந்து கிடக்கும் சோலைகளை மீட்க, சாலையோரம் உதிர்ந்த மழைக்காட்டு விதைகளைச் சேர்த்துத் தம் நாற்றங்காலில் வளர்க்கின்றனர். தாரில் விழுந்த விதை எப்படியும் முளைக்கப் போவதில்லை அல்லவா!

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயரமான கன்றைக் கண்டதும் நாம் மயங்கிவிடுகிறோம். பாலிதீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர், அடியில் வளையமாகச் சுருண்டிருக்கும். நட்ட பின்னும் அது சுற்றிக்கொண்டே வளரும்; கரை மண்ணைப் பற்றாது. பண்ணைக்காரரின் அனுமதியோடு ஒரு பையைப் பிரித்து வேரைப் பாருங்கள். அப்படியே, விதை எந்த ஊர் மரத்தது என்றும் கேளுங்கள். கன்றைத் தானே வளர்த்தவர் தயங்காமல் சொல்வார்.